தினம் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர்

என் மாமனாருக்கு எதற்கும் ஒரே பதில்தான்: "பழகிடும்." புதுப் பல் செட் ஈறை அறுக்கிறது என்று நோயாளி கண்ணீர் விட்டால், பழகிடும். மாடி அறையில் மத்தியான வெயில் தாங்கவில்லை என்று நான் முனகினால், பழகிடும். இரண்டு வருடங்களுக்கு முன்பு என் பெட்டியை அந்த மாடி அறைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிய அன்றும் அதையேதான் சொன்னார். அவர் சொன்னது பலித்துவிட்டது. அதுதான் எனக்கு அவர் மேல் உள்ள தீராத கோபம்.

அவர் பல் டாக்டர். கீழே கிளினிக், மேலே வீடு. நான் பல் செட் கட்டுகிறவன். கிளினிக்கின் பின்னறையில் மாவு அச்சும் மெழுகுமாக என் பிழைப்பு ஓடுகிறது. காலையில் பதினெட்டுப் படி இறங்கினால் வேலை, சாயங்காலம் அதே பதினெட்டுப் படி ஏறினால் வீடு. செருப்புக்கு அவசியமே இல்லாத வாழ்க்கை. வீட்டோடு மாப்பிள்ளை என்று மற்றவர்களைக் கேலி செய்வார்கள். நான் கிளினிக்கோடும் மாப்பிள்ளை.

இரண்டுக்கும் நடுவில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், அந்தத் தொட்டி இருந்தது. நானூறு லிட்டர் உப்புத் தண்ணீர், பாறைகள், பாறையில் ஒட்டி வளரும் பவளம், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன், நீலத்தில் ஒன்று. மாமியார் இறந்த மறு வருடம் மாமா வாங்கி வைத்தது. நான் வரும்வரை அவர் பார்த்துக்கொண்டார். வந்த பிறகு யார் பார்த்தது என்று கேட்கவும் வேண்டுமா? "எங்க மாப்ள கைபட்டா எதுவும் துலங்கும்" என்று நாலு பேர் முன்னால் புகழ்ந்தே வேலையைத் தலையில் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆறு மாதமாகத் தொட்டியில் பாசி. கண்ணாடியில் பச்சை, பாறையில் பச்சை, பம்பின் வாயில்கூடப் பச்சை. பல் பிடுங்க வந்தவர்கள் வலியை மறந்து, "என்ன டாக்டர், முதல்ல தொட்டிக்குப் பல் விளக்கி விடுங்க" என்று சிரிக்க ஆரம்பித்தார்கள். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. பாசியை மேய்வதற்குக் கடல் நத்தைகளை விடலாம் என்று மீன் கடைக்காரர் யோசனை சொன்னார். முதல் தடவை பத்து விட்டோம். நான்கே நாளில் நாற்றம். இரண்டாம் தடவை பன்னிரண்டு. அவை மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. செத்த நத்தையின் நாற்றம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். "நோஞ்சான் சரக்கைத் தலையில கட்டிட்டான். நல்லதா ரெண்டு நாள் தாக்குப்பிடிச்சா பழகிடும்" என்று சொல்லி மாமா மூன்றாம் தடவையாக இருபது நத்தை கேட்டார். அவை வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம், கிளினிக் மூடிய பிறகு.

எனக்கும் அன்றைக்குத்தான் கெடு.

என் மனைவி டீச்சர். பஸ்ஸில் ஆறு மணி நேரம் போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதே ஊரில் ஒரு பெரிய பல் லேபில் எனக்கும் இடம் இருந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும், அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று லேப் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். ஞாயிறு காலை பஸ்ஸுக்கு இரண்டு சீட்டு எடுத்து வைத்திருந்தாள் அவள். எல்லாம் தயார். மாமாவிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"நான் சொன்னா அது பொண்ணோட பிடிவாதம். சிரிச்சிக்கிட்டே தலையைத் தடவிட்டுப் போயிடுவார். மூணு தடவை சொல்லிப் பார்த்தாச்சு" என்றாள். "நீங்க சொன்னாதான் அது முடிவு. நீங்க வாயைத் திறங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"சொல்றேன்."

"சொல்லலைன்னா?"

"சொல்றேன்னு சொல்றேன்ல?"

"சொல்லலைன்னா அப்புறம் இந்தப் பேச்சை என்கிட்ட எடுக்கவே கூடாது. ஆமா."

அது நடந்து பத்து நாள் ஆகியிருந்தது. பத்து நாளில் நான் மாமாவிடம் பேசாத விஷயம் கிடையாது. மின்விசிறிச் சத்தத்தைப் பற்றிப் பேசினேன், குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினேன், தூரத்து உறவினர் ஒருவரின் மூட்டுவலியைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். இதைச் சொல்ல வாயெடுத்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரே பெண். மாமி இல்லாத வீடு. நல்ல மனுஷன் வேறு. கெட்டவராக இருந்து தொலைத்திருந்தால் நான் என்றைக்கோ கிளம்பியிருப்பேன்.

நத்தையைக் கொண்டு வந்த கையோடு தொட்டியில் கொட்டக் கூடாது. முதலில் பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்ய வேண்டும். பிறகு பைத் தண்ணீரோடு வாளியில் விட்டு, தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாயை இழுத்து, அதில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளியில் விழ விட வேண்டும். நொடிக்கு இரண்டு சொட்டு. மீனாவது கொஞ்சம் பொறுக்கும். நத்தைக்குத் தண்ணீர் சட்டென்று மாறினால் தீர்ந்தது. இந்தத் தடவை இரண்டு மணி நேரம் சொட்ட விடுவது என்று முடிவு செய்து, ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு வாளி பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றவர்களுக்கு நத்தை வேகம் என்றால் கேலி. எனக்கு அன்றைக்கு அது வரப்பிரசாதம். இரண்டு மணி நேரத்துக்கு யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் அல்லவா?

ஆனாலும் மனசாட்சி குத்தியது. குழாயில் முடிச்சை இறுக்கிவிட்டு உள்ளே போனேன். சனிக்கிழமை மத்தியானங்களில் மாமா நோயாளி நாற்காலியைச் சாய்த்துப் போட்டு அதிலேயே குட்டித் தூக்கம் போடுவார். வாய் திறந்திருந்தது.

"மாமா, ஒரு விஷயம்."

"சொல்லுங்க மாப்ள." கண்ணைத் திறக்கவில்லை.

"அது வந்து... ஒரு வேலை விஷயமா..."

"அட, நானே சொல்லணும்னு இருந்தேன். உங்க பின்னறைச் சுவத்தை இடிச்சிட்டுப் பெருசா கட்டிடலாமா? ஜன்னல் ரெண்டு வச்சிரலாம். பாவம், புழுக்கத்துல கிடந்து வேகறீங்க."

ஜெயிலில் இருக்கிறவனிடம் வந்து உன் அறைக்கு ஜன்னல் வைக்கட்டுமா என்று பாசமாகக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? நன்றி என்றுதான் சொல்வான். நானும் சொன்னேன்.

"போய் நத்தையைப் பாருங்க. குழாய் நழுவிடப் போகுது" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு என் மனைவி இறங்கி வந்தாள். வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சொல்லியாச்சா?"

"தூங்கறார்."

"எழுப்புங்க."

"இது முடியட்டும். நடுவுல விட்டா செத்துப் போயிடும்."

"நத்தை வயித்துலயும் முத்துப் பிறக்கும்னு சொல்வாங்க. உங்க வாய்ல இருந்து ஒரு வார்த்தை பிறக்க மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மேலே பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. எடுத்து வைக்கிறாள் என்று தெரிந்தது.

மூன்றரைக்கு நத்தைகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் வைத்தேன். ஓடு மேலே, கால் கீழே இருக்கும்படி பாறை மேல் வைக்க வேண்டும். மல்லாந்து விழுந்தால் இந்த ஜாதி நத்தைக்குத் தானாகத் திரும்பத் தெரியாது, கிடந்தே சாகும். வைத்தவுடன் இரண்டு மூன்று கொஞ்சம் தலை நீட்டின. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் உள்ளே இழுத்துக்கொண்டு வாசல் மூடியைச் சாத்திக்கொண்டன. அப்புறம் ஒன்று பாறையிலிருந்து கழன்று மணலில் மல்லாந்தது. நிமிர்த்தி வைத்தேன். இன்னொன்று விழுந்தது. அதை நிமிர்த்துவதற்குள் முதலாவது மறுபடியும். அரை மணி நேரம் தோள்வரை கையை நனைத்துக்கொண்டு நத்தைகளை நிமிர்த்திக்கொண்டே இருந்தேன். திடீரென்று ஆத்திரம் தலைக்கேறியது. இருபத்திரண்டைக் கொன்றது போதும். இந்த இருபதையும் என் கையால் அடக்கம் செய்ய மாட்டேன் என்று கிளினிக் போனை எடுத்து மீன் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

அவருக்கு ஈரக்கை என்று பெயர். எந்நேரமும் கை தொட்டியில் இருப்பதால் யாருக்கும் கை கொடுக்க மாட்டார், முழங்கையைத்தான் நீட்டுவார். இரண்டு தெரு தள்ளிக் கடை. அரை மணி நேரத்தில் சைக்கிளில் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குழலை எடுத்து, அதன் நுனியில் தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து ஒற்றைக் கண்ணை வைத்தார். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று சொல்லும் கருவி அது. எங்களிடமும் ஒன்று உண்டு, முள் வைத்த பிளாஸ்டிக் டப்பா. மாமா வாங்கியது. முள் எப்போதும் சரியான கோட்டிலேயே நிற்கும்.

ஈரக்கை எங்கள் டப்பாவை வாங்கி உதறினார். முள் அசையவில்லை. உப்புப் பூத்து இறுகிப்போயிருந்தது.

"முப்பத்தஞ்சு இருக்கணும் சார். இங்க நாப்பத்தொண்ணு இருக்கு" என்றார். "தண்ணி வத்தினா என்ன ஊத்துவீங்க?"

"உப்புத் தண்ணிதான். திங்கட்கிழமை திங்கட்கிழமை கலக்கி ஊத்துவேன். கடல் தண்ணி குறைஞ்சா கடல் தண்ணிதானே ஊத்தணும்? மாமா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்."

ஈரக்கை என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏன் சார், அடுப்புல வச்சது வத்தினா உப்பு குறையுமா கூடுமா?"

"கூடும்."

"அப்புறம்? ஆவியாப் போறது வெறும் தண்ணி. உப்பு எங்கயும் போகாது, உள்ளயேதான் கிடக்கும். அது மேல வாரா வாரம் உப்பைக் கொட்டியிருக்கீங்க. குறைஞ்சதுக்கு நல்ல தண்ணி ஊத்தணும் சார், நல்ல தண்ணி!"

அத்தனை வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. பல் அச்சில் ஒரு நூலிழை பிசகினால் கண்டுபிடிக்கிற நான், இரண்டு வருடமாக ஒருவர் சொன்னார் என்பதற்காக இதை யோசிக்கவே இல்லை.

"அப்ப இந்த மீனெல்லாம் எப்படி உயிரோட இருக்கு?"

"கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினீங்கள்ல? அதுங்களுக்குத் தெரியவே இல்லை. உள்ளயே இருக்கறதுக்கு எங்க தெரியும்? வெளியில இருந்து வர்றதுக்குத்தான் உறைக்கும்."

அவர் மீனைத்தான் சொன்னார். எனக்கு என்னவோ சுருக்கென்றது.

அவர் தொட்டிக்குள் கைவிட்டு நத்தைகளை எடுத்து முகர்ந்து பார்த்தார். பதினேழு பிழைக்கும் என்றார். நத்தை வந்த பையிலேயே தொட்டித் தண்ணீரை எடுத்து, அதில் போட்டுக்கொண்டார். "கடைக்குக் கொண்டுபோய்ப் பக்குவமா பழைய தண்ணிக்கு மாத்தறேன். உங்க தொட்டி சரியானதும் கொண்டு வரேன். உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சாகணும் சார். தினம் ரெண்டு லிட்டர் எடுத்துக் கொட்டிட்டு, அதுக்குப் பதிலா நல்ல தண்ணி ரெண்டு லிட்டர். ஒரே நாள்ல இறக்கினா பவளம் உரிஞ்சி போயிரும். ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா? யார் செய்யறது?"

"கை இருக்கற யாரும் செய்யலாம். இதுல என்ன இருக்கு? டாக்டருக்கு வாளி தூக்கத் தெரியாதா? இல்லைன்னா சொல்லுங்க, கடைக்குப் போற வழியில நானே ஊத்திட்டுப் போறேன்."

மாடிப்படியில் நிழலாடியது. என் மனைவி நடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், போங்க என்பதுபோல. மணி ஐந்தரை. ஈரக்கை குழலை மேசையில் வைத்து, திங்கட்கிழமை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, முழங்கையை நீட்டி விடைபெற்றுப் போனார்.

எனக்குள் ஒரு வேகம் வந்திருந்தது. சூட்டோடு சூடாக இரண்டையும் சொல்லிவிடலாம். முதலில் உப்பு, அப்புறம் ஊர். குழலை எடுத்துக்கொண்டு உள்ளே போய் நாற்காலியின் பொத்தானை அழுத்தினேன். மாமா தூக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாமா, நத்தையெல்லாம் ஏன் செத்துச்சு தெரியுமா? நோஞ்சான் சரக்கும் இல்லை, ஒண்ணும் இல்லை. நாமதான் கொன்னோம். உப்புப் போட்டுக் கொன்னோம். நீங்க சொன்னீங்க, நானும் ஊத்தினேன்!"

இந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. பழகிடும் என்று சொல்லட்டும், பதிலுக்குக் கொடுக்கிறேன் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. எழுந்து வந்து, எக்ஸ்ரே பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலில் பார்த்தார். நான் விளக்கியதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நோயாளிகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ போன பிறகு இதை ஒண்ணையாவது ஒழுங்கா வச்சிருக்கேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

அதைக் கேட்டதும் என் வேகமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"சரி பண்ண முடியுமா மாப்ள?"

"முடியும் மாமா. தினம் ரெண்டு லிட்டர் நல்ல தண்ணி மாத்தணும்."

"எத்தனை நாள்?"

"ஒரு மாசம்."

"என்னால ஆகுமா?"

ஆகும் மாமா. இரண்டே வார்த்தை. அடுத்த வார்த்தைக்கு வழியையும் அவரே திறந்து வைத்திருந்தார்: நாங்க ஊருக்குப் போறோம், நீங்க இதைப் பார்த்துக்கோங்க. சுவர்க் கடிகாரத்தில் ஆறுக்குப் பத்து நிமிடம். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பப் பிடித்திருந்தது.

"உங்களால ஆகாது மாமா. கொஞ்சம் பிசகினாலும் பவளம் போயிடும். நான் இருந்து பார்த்துக்கறேன்" என்றேன்.

"உங்களை விட்டா எனக்கு யாரு மாப்ள" என்று அவர் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆப்பசைத்த குரங்கு பாவம், யாரோ அடித்து வைத்த ஆப்பைத்தான் அசைத்தது. நான் ஆப்பையும் நானே சீவி, நானே அடித்து, நானே அசைத்து, வாலையும் கொண்டுபோய் வைத்தேன். படிப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். நடுப்படியில் யாரும் இல்லை.

மேலே என் செல்போன் அடிக்கிற சத்தம் கேட்டது. சார்ஜில் போட்டிருந்தேன். இரண்டு தடவை அடித்து நின்றது. அவள் எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் பேச்சுக் குரல், வார்த்தை புரியவில்லை. பிறகு பெட்டியின் ஜிப்பைத் திறக்கிற சத்தம், அலமாரிக் கதவு, ஹேங்கர்கள். மறுபடியும் ஜிப். எல்லாவற்றையும் திருப்பி அடுக்குகிறாள், சண்டை போடுவாள், ஒரு வாரம் பேச மாட்டாள், பிறகு சரியாகிவிடும் என்று நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் படியிறங்கி வந்தாள். கையில் பெட்டி, என் துணிகளை எடுத்துவிட்டதில் பாதியாக இளைத்திருந்தது. அதைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு என் போனை என்னிடம் நீட்டினாள்.

"லேப்காரர் கூப்பிட்டார். நீங்க வரலைன்னு சொல்லிட்டேன்."

"ஏய், இரு, நான்..."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்பா, எனக்கு வெளியூர் ஸ்கூல்ல வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை சேரணும். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு பஸ்."

நான் பத்து நாளாகச் சொல்ல முடியாததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். மாமா சிரிக்கவும் இல்லை, தலையைத் தடவவும் இல்லை. பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"தனியாவாம்மா போறே? மாப்ள வரலையா?" என்று என் பக்கம் திரும்பினார்.

இந்தத் தடவை வார்த்தை நிஜமாகவே வந்தது. நானும் வரேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தும் விட்டேன்.

"அவர் எப்படிப்பா வருவார்?" என்றாள் என் மனைவி, சேலைத் தலைப்பில் பெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டே. "அவருக்கு இங்க ஒரு மாசத்துக்கு வேலை இருக்கு."

மாமா தொட்டியைப் பார்த்து, ஆமாம், அதுவும் சரிதான் என்று தலையை ஆட்டினார். என் தலையும் கூடவே ஆடியது.